எல்லாச் சட்டைக்கும் பட்டன்

ஜூன் 8

பொடிசின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கடை முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் பொடிசு பிரித்துவிடுவாள். போனில் சொல்லலாம் என்றால் என் எண்ணை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். கடைசியாகப் பேசிய அன்று நானும் ஒன்றும் தேனாகப் பேசவில்லை. அதனால் அதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பொடிசைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில்தான் வழக்கம்போல உட்கார்ந்தோம். "மீனெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். தொட்டியைக் கீழ்வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டாளாம். "அவங்க நல்லாப் பாத்துப்பாங்கம்மா" என்றாள். மூன்றாம் வகுப்பிலிருந்து அந்தத் தொட்டியை யாரையும் தொடவிடாதவள். நான் தண்ணீர் மாற்றினாலே பின்னாடி நின்று மேஸ்திரி மாதிரி அதட்டுவாள். உங்களுக்குத் தெரியாததா?

கிளம்பும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். பதினாறு வயசுப் பெண், பேருந்து நிலையத்தில், அத்தனை பேர் பார்க்க. சாதாரணமாகத் தோளில் கை போட்டாலே நெளிவாள். "இனிமே நீயும் அப்பாவும் சண்டை போடவேண்டிய அவசியமே இருக்காதும்மா" என்றாள். "ஏண்டி?" என்றேன். "சும்மாதான்" என்று சிரித்தாள்.

நேராகவே கேட்கிறேன். என்ன திட்டம் போட்டிருக்கிறீர்கள்? விடுதியில் சேர்க்கப் போகிறீர்களா? ஊரை விட்டே கிளம்புகிறீர்களா? இல்லை, அந்த வீட்டுக்குப் புதிதாக யாராவது வரப்போகிறார்களா? எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லிவிட்டுச் செய்வதுதான் முறை. அவளைத் தூது அனுப்பாதீர்கள்.

பொடிசின் அம்மா


ஜூன் 14

பொடிசின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். பார்ட்னர் "என்னய்யா, கோர்ட் நோட்டீஸா?" என்று கேட்டான். அந்த மாதிரிதான் இருந்தது.

விடுதியும் இல்லை, ஊரும் மாறவில்லை. புதிதாக யாரும் வரவும் இல்லை. காலையில் ஒரு வீட்டு ஃபிரிட்ஜ், மத்தியானம் ஒரு வாஷிங் மெஷின், சாயங்காலம் பிள்ளைக்குச் சாப்பாடு. இதற்கு நடுவில் நான் மாப்பிள்ளை வேஷம் வேறு கட்ட வேண்டுமா?

தொட்டியை அவளாகத்தான் கொடுத்தாள். நான் கேட்கவே இல்லை. நாற்றம் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். பொடிசு இப்போது நன்றாக இருக்கிறாள். போன மாதம் முழுக்கப் படுத்தே கிடந்தாள், எழுப்பினால் எரிந்து விழுந்தாள். இந்த மாதம் அப்படியே மாறிவிட்டாள். தானாக எழுந்திருக்கிறாள். அறையைக் கழுவிவிட்ட மாதிரி வைத்திருக்கிறாள். பழைய துணியெல்லாம் மூட்டை கட்டிவிட்டாள். என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். வீட்டில் சத்தமே இல்லை. மெஷினில் கடகட என்ற சத்தம் நின்றால் ரிப்பேர் சரியாகிவிட்டது என்று அர்த்தம். என் தொழிலில் நான் படித்தது அது.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. பிள்ளை கெட்டுப்போகிறது என்று ஓடிவருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று ஓடிவருகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். இந்தக் கடிதத்தின் நகல் உன் வக்கீல் கையில் இருக்கிறதா? "அப்பன் சரியில்லை, பிள்ளையை என்னிடம் கொடுங்கள்" என்று கேட்கத்தானே இந்த ஏற்பாடு?

அப்பா


ஜூன் 19

பொடிசின் அப்பாவுக்கு,

போன மாதம் முழுக்கப் படுத்தே கிடந்தாளா? எனக்கு ஏன் சொல்லவில்லை?

அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்புறம் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளுடைய வகுப்பு டீச்சருக்குப் போன் செய்தேன். முதலில் அந்த அம்மா தயங்கினார். "நீங்க அம்மாதானே? அப்பா உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்.

வாலிபால் குழுவிலிருந்து அவளாகவே விலகிவிட்டாளாம். மதியம் தோழிகளோடு சாப்பிடுவதில்லையாம். ஒரு நாள் கழிவறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். தேடிப்போன தோழியிடம், "நான் இல்லாமப் போனா யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளை பயந்துபோய் டீச்சரிடம் ஓடியிருக்கிறது. டீச்சர் உங்களைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார். நீங்கள் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

இப்போது யாரை யார் சந்தேகப்படுவது? நான் வக்கீலை வைத்து நாடகம் போடுகிறேன் என்கிறீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்ததை மறைத்தது யார்?

சத்தம் நின்றால் ரிப்பேர் சரியாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். மோட்டார் எரிந்துபோனாலும் சத்தம் நிற்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான். நான் பல்செட் செய்கிற பல் கூடத்தில் நாள் முழுக்கச் சிரிப்பு செய்கிறவள். மெழுகில் செதுக்கி, பிளாஸ்டரில் வார்த்து, வெள்ளையாக ஒரு சிரிப்பை எடுத்துத் தட்டில் வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவள் சிரித்தது அப்படித்தான் இருந்தது. பல் இருந்தது, வேறொன்றும் இல்லை.

ஒரு வார்த்தையை எழுத வேண்டும். எழுதினால் பலித்துவிடுமோ என்று பேனாவைப் பல தடவை கீழே வைத்தேன். அவள் செத்துப்போக நினைக்கிறாளோ என்று பயமாக இருக்கிறது.

திட்டுவதானால் திட்டுங்கள். ஆனால் பதில் போடுங்கள்.

பொடிசின் அம்மா


ஜூன் 24

உன் கடைசிப் பாராவைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அப்புறம் பொறுக்கி எடுத்தேன். உனக்கு எப்படி எழுத மனசு வந்தது? நம் பிள்ளை அது.

ஆமாம், பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தோழிகளுக்குள் ஏதோ மனஸ்தாபம், யாரோ யாரோடோ பேசவில்லை என்றார்கள். இந்த வயசில் எல்லாரும் அழுவார்கள். நீகூடக் கல்யாணத்துக்கு முன்னால் தினமும் அழுததாக உன் அம்மா சொல்லியிருக்கிறார். டாக்டர் என்றால் என்ன டாக்டர்? மனநல டாக்டர். வாசலில் உட்கார்ந்திருப்பதை ஒருத்தன் பார்த்தால் போதும், நாளைக்குப் பிள்ளைக்கு என்ன பட்டம் கட்டுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? அதனால்தான் உன்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே பெட்டியோடு வந்து நிற்பாய், "பார்த்தீர்களா" என்பாய்.

சரி, உன் பேச்சைக் கேட்டு நானும் போலீஸ்காரன் வேலை பார்த்தேன். பையைப் பார்த்தேன். அலமாரியைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் எதுவுமே இல்லை, அத்தனை சுத்தம். வாலிபால் ஷூவைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

அவளிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லப் போகிறாய் என்று தெரிகிறது. என்னால் முடியாது. அந்த நினைப்பே இல்லாத பிள்ளையிடம் நாமே போய் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? நெருப்புப் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு "கொளுத்தப் போகிறாயா" என்று கேட்பது போல இருக்கிறது.

நீ நினைக்கிற மாதிரியெல்லாம் இல்லை. நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் சட்டைகளையெல்லாம் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். விட்டுப்போன பட்டன், விடப்போகிற பட்டன், எல்லாம். "எதுக்கு இப்ப எல்லாத்தையும்?" என்றேன். "உனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதுப்பா" என்றாள். போனில் எந்த எண்ணை அழுத்தினால் கேஸ் கம்பெனி எடுக்கும், மின்சாரக் கட்டணத்தை எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். இவ்வளவு பொறுப்பான பிள்ளையைப் போய்

அந்த வரியை முடிக்க வரவில்லை. இரண்டு நாள் இந்தத் தாள் கல்லாவிலேயே கிடந்தது. இப்போது அனுப்புகிறேன்.

சட்டை எல்லாவற்றுக்கும் ஏன் தைத்தாள்?


ஜூன் 29, கடையிலிருந்து

உங்கள் கடை பில் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. படித்ததும் கிளம்பிவிட்டேன். பார்ட்னர் உங்களுக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறார், நீங்கள் எடுக்கவில்லை. மெஷினுக்குள் தலையை விட்டால் எடுக்க மாட்டீர்கள் என்று அவரே சொல்கிறார். யார் வீட்டுக்கு ரிப்பேருக்குப் போனீர்கள் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. நீங்கள் வந்ததும் இதைக் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிட்டேன், டீச்சர் அவளைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறார். நான் போய் வீட்டுக்கு அழைத்து வருகிறேன்.

வருகிற வழியில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி மனநல டாக்டரிடம் பேசினேன். உங்கள் கேள்வியைத்தான் முதலில் கேட்டேன். நாம் கேட்பதால் அந்த நினைப்பு வராதாம். இருந்தால் தனியாகச் சுமக்கிற பாரம் இறங்குமாம். சுற்றி வளைக்காமல், அந்த வார்த்தையைச் சொல்லியே கேட்க வேண்டுமாம். பதில் "ஆமாம்" என்றால் திட்டக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது, சத்தியம் வாங்கக் கூடாது. தனியாக விடக் கூடாது. அன்றைக்கே காட்ட வேண்டும். இருப்பதையெல்லாம் எடுத்துக் கொடுப்பதும், திடீரென்று அமைதியாவதும் நல்ல அறிகுறி என்று நம்பிவிடக் கூடாது என்றார். வீட்டில் ஆபத்தானது எதுவும் அவள் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கக் கூடாது. வரும்போதே அதை மனசில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

இது யார் ஜெயித்தது என்ற விஷயம் இல்லை. சீக்கிரம் வாருங்கள். கை கழுவக்கூட நிற்காதீர்கள்.


ஜூலை 21

பொடிசின் அம்மாவுக்கு,

உன் எண்ணைத் திறந்துவிட்டேன், அதற்கு மூன்று வாரமாகிறது. அவள் உன்னோடு வந்ததிலிருந்து தினமும் பேசுகிறோம், மாத்திரை போட்டாளா, தூங்கினாளா என்று. ஆனால் ஒன்றைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் உள்ளே நுழைந்தபோது நீங்கள் இருவரும் முன்னறைத் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். நீ கேட்டுப் பார்த்திருக்கிறாய், அவள் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் நீ தண்ணீர் எடுக்க எழுந்தாய். தண்ணீருக்காக எழுந்ததாக நான் நினைக்கவில்லை. என்னிடம் விட்டுவிட்டுப் போனாய்.

என் கையெல்லாம் கிரீஸ். துடைக்காமலேயே உட்கார்ந்தேன். உன் தாள் சட்டைப் பையில் இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "பொடிசு, சாகணும்னு நெனைக்கிறியா?" என்று கேட்டுவிட்டேன். என் வாயிலிருந்து வந்த குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தோள் அப்படியே இறங்கிற்று. "ஆமாப்பா" என்றாள்.

"என்ன பேச்சு இது" என்று நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன். "எவ்வளவு நாளா?" என்று மட்டும் கேட்டேன். அப்புறம்தான் அவள் பேசினாள். நீ திரும்பி வந்தபோது பாதியைத்தான் கேட்டாய். முன்பாதி இது.

"காலைல எழுந்தா நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்குப்பா. ஏன்னு எனக்கே தெரியல. பிரெண்ட்ஸ் பேசாதது மட்டும் இல்ல. அது மட்டும்னா சமாளிச்சிருப்பேன். எதுவுமே நல்லா இல்ல. நான் இல்லேன்னா உங்க ரெண்டு பேருக்கும் சண்டை போட ஒண்ணுமே இருக்காதுன்னு தோணுச்சு. முடிவு பண்ணினதுக்கப்புறம் எல்லாம் லேசாயிடுச்சு. நான் லேசானதும் நீயும் சந்தோஷமாயிட்டே. உன்னைப் பாத்தா இதுதான் சரின்னு தோணுச்சு."

இதைத்தான் போனில் சொல்ல முடியவில்லை. அவள் அமைதியானதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

டாக்டரிடம் இதையும் சொன்னேன். "காரணம்னு ஒண்ணை மட்டும் எடுத்து உங்க தலையில வெச்சுக்காதீங்க. இது ஒரு நோய். வைத்தியம் இருக்கு. நீங்க கேட்டீங்க, அவ சொன்னா, கூட்டிட்டு வந்தீங்க. இனிமே செய்ய வேண்டியதைப் பாருங்க" என்றார். செய்கிறேன். அவள் இங்கே திரும்பி வரும் நாளுக்காக, வீட்டில் எடுத்து அப்புறப்படுத்த வேண்டியதை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டேன். இங்கே இருந்த மாத்திரை, மருந்து எல்லாம் பார்ட்னர் வீட்டில் பூட்டி இருக்கிறது. டாக்டர் கொடுத்த உதவி எண் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. என் கைபேசியிலும் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவளை இப்போதைக்கு உன்னிடம் வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது நான் சரி என்றேன். ஆனாலும் மனசு குறுகுறுக்கிறது. போனில் நீ "பரவாயில்லை" என்கிறபோதெல்லாம் எதையோ மறைக்கிறாய் என்று தோன்றுகிறது. மறைத்துப் பழகியவன் நான், அதனால் தோன்றுகிறதோ என்னவோ. மோசமான நாள் என்றால் மோசம் என்றே சொல். ஆஸ்பத்திரிக்குப் போனால் எத்தனை பேர் பார்த்தாலும் சரி, நானும் வாசலில் உட்காருகிறேன்.

அப்பா


ஆகஸ்ட் 4

பொடிசின் அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டபடி உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். மறைத்தது உண்மைதான். போன வாரம் இரண்டு நாள் அவள் எழுந்திருக்கவே இல்லை. டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினேன், மாத்திரையைக் கொஞ்சம் மாற்றினார், மறுநாளே வந்து பார்க்கச் சொன்னார். உங்களிடம் "பரவாயில்லை" என்றேன். ஓடிவந்து நிற்பீர்களே என்று நினைத்தேன். நீங்கள் முன்னால் என்னைப் பற்றி நினைத்த அதே நினைப்பு. இனிமேல் சொல்கிறேன்.

சந்தேகம் என்னை விடமாட்டேன் என்கிறது. அவள் சிரித்தால் இது எந்தச் சிரிப்பு என்று பார்க்கிறேன். பழைய புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தால் வேறென்ன கொடுத்தாள் என்று அலமாரியைத் திறந்து பார்க்கிறேன். குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றால் வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலில் போய் நிற்கிறேன். அவள் தோழி போனில் பேசினால் கதவோரம் நின்று காது கொடுக்கிறேன். முதல் நாள் அப்படி நின்றபோது, வாலிபால் குழுவிலிருந்து விலகியவளை, "திரும்ப வாடி, பந்து பொறுக்கிப் போட ஆள் இல்ல" என்று அந்தப் பிள்ளை ஸ்பீக்கரில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இதைக் கேட்கவா நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்?

கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டாள். கோபம்தான்.

"சிரிச்சா சந்தேகப்படுறே, அழுதா சந்தேகப்படுறே. நான் என்னதான் பண்றது?"

"பயமா இருக்குடி" என்றேன்.

சுவரில் சாய்ந்து நின்றாள். அப்புறம் சொன்னாள்: "அப்போ கேளும்மா. ஒட்டுக் கேக்காதே, என்கிட்டயே கேளு. அப்பா கேட்டாரே, அந்த மாதிரி. அன்னிக்கு எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ரூமுக்குள்ள நான் மட்டும்தான் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். யாரோ லைட்டைப் போட்ட மாதிரி இருந்துச்சு."

அதிலிருந்து கேட்கிறேன். டாக்டரும் அதைத்தான் சொல்கிறார். காவல் காப்பது வேறு, கேட்பது வேறு, இப்போதைக்கு இரண்டும் வேண்டும், போகப்போக முதலாவது குறையும், இரண்டாவதை விடாதீர்கள் என்றார். சில நாள் "இன்னிக்கு மோசம்மா" என்கிறாள். அன்றைக்கு நான் பல் கூடத்துக்குப் போவதில்லை. சில நாள் "கேக்காதே, பசிக்குது" என்கிறாள். அதுவும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொள்கிறேன், கொஞ்சம் சந்தேகத்தோடு.

அடுத்த வாரம் நீங்கள் வருவதாகச் சொன்னதும் அறையைக் கூட்டினாள். நான் அதையும் ஒரு கண்ணால் பார்த்தேன். நீங்கள் வந்ததும் படிப்பைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். ஆறுதல் சொல்லவும் அவசரப்படாதீர்கள். கேளுங்கள். பதில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் உட்கார்ந்து கேளுங்கள்.

நேற்று மொட்டை வெயிலில் காய்ந்த துணியை இரண்டு பேரும் மடித்துக்கொண்டிருந்தோம். ஒரு போர்வையின் இந்த முனை என் கையில், அந்த முனை அவள் கையில்.

"அந்த நினைப்பு இருக்கா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். பொய் சொல்லத் தேடுகிறாளோ என்று அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கும்மா. ஆனா தூரத்துல இருக்கு" என்றாள்.

"சரி" என்றேன். போர்வையைப் பிடித்துக்கொண்டு அவள் என்னை நோக்கி நடந்து வந்தாள்.

பொடிசின் அம்மா